வண்டி பீடி குடிக்கிறது

கரமனை, திருவனந்தபுரம்
8 ஜூன் 1998

நாகுவுக்கு,

ஐப்பசிக்குப் பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. சமாதானக் கடிதம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டுவிடாதே. நீ விட்டுப்போன காருக்கு உடம்பு சரியில்லை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைத் திறந்து பார்த்தவர் இந்த ஊரில் யாரும் எனக்கு அகப்படவில்லை. நீ சிங்கப்பூரில் தினமும் அதைத்தான் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறாய். அதனால் எழுதுகிறேன். போனிலும் பேசலாம்தான். பேசினால், ஆராட்டுத் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால் "இந்தக் காலை வச்சுண்டு மலை ரோட்டுல வண்டி ஓட்டறது தைரியம் இல்லே, அகம்பாவம்" என்று நீ சொன்னது ஞாபகம் வரும். நான் போனை வைத்துவிடுவேன். கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை.

ஏப்ரலில் ஆரம்பித்தது. கியர் தானாக மாறவேண்டிய நேரத்தில் மாறாமல் எஞ்ஜின் வெகுநேரம் கத்துகிறது. பிறகு பின்னாலிருந்து யாரோ இடித்த மாதிரி ஒரு அடியோடு விழுகிறது. காலையில் கியரை 'டி'யில் போட்டால் யோசித்துவிட்டுத்தான் நகர்கிறது. ரிவர்ஸ் பரவாயில்லை. மலைமேல் என் பள்ளிக்கூடம் திறந்த வாரம் கல்லாறு தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும், நான் அமுக்க அமுக்க எஞ்ஜின்தான் கத்துகிறதே ஒழிய வண்டி ஏறவில்லை. இரண்டாவது வளைவில் நின்றேவிட்டது. எஸ்டேட் ஜீப்பில் கயிறு கட்டி இழுத்தார்கள்.

கியர்பாக்ஸ் எண்ணெய் குறைந்துகொண்டே வருகிறது. பவர் ஸ்டீயரிங்குக்கு ஊற்றுகிற சிவப்பு எண்ணெயும் இதுவும் ஒன்றுதான் என்று நீ முன்பு சொன்னதை வைத்து, ஆரியசாலையில் இசக்கிப்பாண்டி கடையில் வாங்கி ஊற்றுகிறேன். போன வாரம் அவர், "டீச்சர், இத வாங்கிட்டுப் போயி பாயசமா வைக்கீங்க?" என்று கேட்டார். எங்கே போகிறது என்று தெரியவில்லை. வண்டிக்கு அடியில் பேப்பர் விரித்து வைத்துப் பார்த்தேன், ஒரு சொட்டுக்கூட இல்லை. புகை மட்டும் நிறைய வருகிறது, வெள்ளையாக. எட்டாம் வகுப்பில் பொன்செல்வி என்று ஒருத்தி, எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து வருகிறவள், வளைவில் நின்று பார்த்துவிட்டு, "டீச்சர், ஒங்க வண்டி பீடி குடிக்கு" என்றாள்.

கரமனை ஆற்றுப்பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் செல்வமணியிடம் காட்டினேன். நேர்மையானவன். "டீச்சரே, எனக்கு இது அறியாது. இத வித்துப்போட்டு கிளட்ச் உள்ள வண்டி ஒண்ணு எடுங்க. கண்ண மூடிட்டு பணி செஞ்சு தருவேன்" என்றான். நான் என் இடது கால் கம்பியைப் பேனாவால் தட்டிக் காட்டினேன். மூன்று வயதில் போலியோ வந்த காலால் எந்தக் கிளட்சை மிதிக்க முடியும் என்று கேட்டேன். பாவம், முகம் சுருங்கிப்போய்விட்டது.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. தமிழில் கணக்குச் சொல்லிக்கொடுக்க அந்தப் பள்ளிக்கு என்னைத் தவிர ஆள் இல்லை. பஸ்ஸில் என்னால் ஏற முடியாது. இப்போது எஸ்டேட் ஜீப்பில் போய் வருகிறேன். மூட்டையை ஏற்றி இறக்குகிற மாதிரி ஏற்றி இறக்குகிறார்கள், மரியாதையாகத்தான். ஓணப் பரீட்சைக்கு முன்னால் வண்டி சரியாகவில்லையென்றால் வி.ஆர்.எஸ். எழுதிக் கொடுத்து ஓய்வு பெறுவதைத் தவிர வழியில்லை என்று ஹெட்மாஸ்டரே சொல்லிவிட்டார். எனக்கு நாற்பத்தேழு வயதுதான் ஆகிறது.

என்ன கோளாறு என்று எழுது.

அனந்தலக்ஷ்மி


சிங்கப்பூர்
19 ஜூன் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைக் கவரில் பார்த்ததும் பயந்துவிட்டேன். படித்த பிறகு நிம்மதி. வண்டிக்குத்தான் என்று தெரிந்ததால்.

அது எண்பத்திரண்டாம் வருஷத்து வண்டி. நான் தொண்ணூறில் ஊருக்குக் கப்பலில் கொண்டுவந்தபோதே ஓடிக் களைத்த வண்டிதான். அங்கேயே ஒர்க்‌ஷாப் போட்டு உட்காரலாம் என்று நினைத்து, அது நடக்காமல் திரும்பி வந்தபோது உன்னிடம் விட்டுவிட்டு வந்தேன். இங்கே என்றால் அதை எப்போதோ நசுக்கி இரும்பாக்கியிருப்பார்கள். இதை முதலில் மனதில் வைத்துக்கொள்.

எண்ணெய் அளவை எப்படிப் பார்க்கிறாய்? எஞ்ஜின் எண்ணெய் பார்க்கிற மாதிரி, காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்னால் பார்ப்பாய் என்று நினைக்கிறேன். எல்லாரும் செய்கிற தப்பு அது. கியர்பாக்ஸை அப்படிப் பார்க்கக் கூடாது. ஒரு அரைமணி ஓட்டி, சூடான பிறகு, சமதரையில் நிறுத்தி, எஞ்ஜினை அணைக்காமல், கியர்க்கம்பியை எல்லா இடத்துக்கும் ஒரு தடவை கொண்டுபோய் 'பார்க்'கில் வைத்துவிட்டு, அதற்கப்புறம் டிப்ஸ்டிக்கை எடுக்க வேண்டும். அணைத்துவிட்டுப் பார்த்தால் எண்ணெயெல்லாம் கீழே இறங்கி, இல்லாத அளவைக் காட்டும்.

டிப்ஸ்டிக்கை ஒரு வெள்ளைத் துணியில் துடைத்துப் பார். நிறம் வேண்டும். உனக்குப் புரிகிற மாதிரியே கேட்கிறேன்: நன்னாரி சர்பத் மாதிரித் தெளிவான சிவப்பா, இல்லை புளிக்காய்ச்சல் மாதிரிக் கருத்திருக்கிறதா? மோந்து பார். அடிப்பிடித்த வாசனை வருகிறதா? துணியில் கறுப்பாகப் பொடி ஒட்டுகிறதா? கறுத்து, தீய்ந்த வாசனை வந்தால் உள்ளே இருக்கிற தகடுகள் தேய்ந்துபோயின என்று அர்த்தம். அதற்குமேல் பேசுவதற்கு ஒன்றும் இல்லை.

ஆக்ஸிலரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகிற ஒயர் அறுந்திருக்கிறதா என்று செல்வமணியைப் பார்க்கச் சொல். கியர்க்கம்பியின் அடியில் இருக்கிற புஷ் ஆடுகிறதா என்றும் பார்க்கச் சொல்.

கடைசியாக ஒன்று. எதிரே ஆள் இல்லாத இடத்தில் நிறுத்தி, இடது காலால் பிரேக்கை முழுக்க அழுத்திக்கொண்டு, 'டி'யில் போட்டு, வலது காலால் ஆக்ஸிலரேட்டரை ஒரே தடவை முழுக்க அமுக்கி உடனே விட்டுவிட வேண்டும். எஞ்ஜின் ஓரளவுக்கு மேல் ஏறாமல் திணறினால் நல்லது. கட்டவிழ்த்துவிட்ட மாதிரி ஏறினால் உள்ளே பிடிப்பு இல்லை. அதிக நேரம் அமுக்கினால் இருக்கிறதும் போய்விடும்.

இதற்கெல்லாம் பதில் வந்த பிறகு சொல்கிறேன். அதுவரை மலைக்கு எடுக்காதே.

நாகு


கரமனை
1 ஜூலை 1998

நாகுவுக்கு,

உன் கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் வைத்துப் படித்தேன். "இடது காலால் பிரேக்கை முழுக்க அழுத்திக்கொண்டு" என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எந்த இடது கால் நாகு? வலது கால் ஒன்றை வைத்துக்கொண்டு பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் நான் ஒரே சமயத்தில் அமுக்குவது எப்படி என்று ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்காகக் கொடுக்கலாம்.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. மூன்று வயதிலிருந்து என் காலை மறந்து என்னிடம் பேசின ஆளே நம் வீட்டில் கிடையாது. நீ ஒரு பக்கம் முழுக்க மறந்துவிட்டாய். வண்டிக்காரியிடம் ஒரு மெக்கானிக் எப்படிப் பேசுவானோ அப்படிப் பேசியிருக்கிறாய். அதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

அந்தப் பரீட்சையைச் செல்வமணி செய்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எண்ணெய் அளவு சரியாக இருக்கும்போது எஞ்ஜின் திணறியது, மேலே ஏறவில்லை. நல்ல பிடிப்பு. அன்று வளைவில் ஏறாததற்கு எண்ணெய்க் குறைவுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எண்ணெய் பார்த்தேன், நீ சொன்ன முறையில். ஆமாம், இத்தனை நாளும் காலையில் அணைத்து வைத்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாகப் பார்த்ததில் குறியீட்டுக்கு எவ்வளவோ கீழே இருந்தது. அப்பாவின் பழைய வேஷ்டி ஒன்றைக் கிழித்துத் துடைத்தேன். நன்னாரி சர்பத். சந்தேகமே இல்லை. தீய்ந்த வாசனை இல்லை, பொடி இல்லை. துணியை இதோடு வைத்திருக்கிறேன், நீயே பார்த்துக்கொள். ஒயர் அறவில்லை. புஷ் லேசாக ஆடியது, செல்வமணி மாற்றிவிட்டான். வித்தியாசம் எதுவும் இல்லை. கியர் இப்போதும் தாமதமாக, இடித்துக்கொண்டுதான் விழுகிறது.

எண்ணெய் குறைவதுதான் எனக்குப் புரியாதது. ஊற்றிய எண்ணெய் எங்கேயாவது போயிருக்க வேண்டும். தரையில் இல்லை. போன கடிதத்தில் புகையைப் பற்றி எழுதியிருந்தேன், நீ ஒன்றும் சொல்லவில்லை. விட்டுப்போயிருக்கும். காலையில் முதலில் ஸ்டார்ட் செய்யும்போதும், இறக்கத்தில் வந்து மறுபடி அமுக்கும்போதும் அதிகமாக வருகிறது. வெள்ளைப் புகை. எஞ்ஜின் எண்ணெய் குறையவே இல்லை. ஆகையால் எஞ்ஜின் எண்ணெய் எரியவில்லை. பின்னே என்ன எரிகிறது? இதற்கு மட்டும் பதில் எழுது, போதும்.

ஜீப்பில் ஏறும்போது நேற்று மழை. எஸ்டேட் சூப்பர்வைசர் குடையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், கால் சூக்ஷிக்கணே" என்று, கால் ஜாக்கிரதையாம், எல்லாரும் கேட்கும்படி சொன்னார். நல்ல மனுஷர். இருந்தாலும் அவர் சொன்ன அந்த ஒரு வரிக்காகவே என் வண்டி எனக்கு வேண்டும்.

அனந்தலக்ஷ்மி


சிங்கப்பூர்
13 ஜூலை 1998

அன்புள்ள அக்காவுக்கு,

கால் விஷயத்தில் மன்னித்துக்கொள். கை பழக்கத்தில் எழுதிவிட்டேன்.

நீ எழுதியதையெல்லாம் யோசித்துப் பார்த்தேன். துணியையும் பார்த்தேன். நீ புதிதாக எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருப்பதால் நிறம் நன்றாகத் தெரியலாம். அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. கியர் தாமதமாகவும் இடித்தும் விழுவது பழைய கியர்பாக்ஸில் உள்ளே தேய்ந்ததற்கு அடையாளம். இறக்கித் திறந்தால்தான் தெரியும், திறக்க அங்கே ஆள் இல்லை, உள்சாமான் இங்கேயே கிடைப்பது கஷ்டம். என் முடிவு, அதற்குமேல் அந்த வண்டிக்குச் செலவு செய்யாதே. யாராவது எஞ்ஜினுக்காக எடுத்துக்கொண்டால் கொடுத்துவிடு.

அக்கா, இதைச் சொன்னால் கோபம் வரும் என்று தெரியும். நல்லதுக்கு என்றே வைத்துக்கொள்ளேன். வி.ஆர்.எஸ். கொடுப்பதில் கேவலம் ஒன்றும் இல்லை. நங்கநல்லூரில் பெரியக்கா இருக்கிறாள். கோயில், டாக்டர், கடை எல்லாம் நடந்துபோகிற தூரத்தில். உனக்குத் துணை, அவளுக்கும் துணை. யோசித்துப் பார்.

நாகு


கரமனை
27 ஜூலை 1998

நாகேஸ்வரனுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அதற்கு முன்பே, திங்கட்கிழமை, நங்கநல்லூரிலிருந்து சுப்புலக்ஷ்மி அக்கா போன் செய்தாள்.

"அனந்தா, மாடி ரூமுக்கு வெள்ளை அடிச்சாச்சுடீ. கீழேயே இருக்கேன்னாலும் சரி, உன் சௌகரியம்" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன விஷயம் என்று கேட்டேன். "வண்டி இனிமே தேறாதுன்னு நாகு சொன்னானே. நீயும் வந்துடப்போறேன்னான். உனக்குத் தெரியாதா?" என்றாள். எப்போது சொன்னான் என்று கேட்டேன். ஆனி பிறந்த வாரம் என்றாள். அது உன் முதல் கடிதம் எழுதிய வாரம். நிறத்தைப் பார், மோந்து பார், துணியில் துடை என்று நீ எனக்கு எழுதிக்கொண்டிருந்த அதே வாரத்தில், என் பதில் எதுவும் வருவதற்கு முன்னால், முடிவை அவளுக்குச் சொல்லிவிட்டாய்.

அன்றைக்கு உன் முதல் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். வியாழக்கிழமை அடுத்தது வந்ததும் இரண்டையும் சேர்த்துப் படித்தேன். ஒயரைக் கேட்டிருக்கிறாய். புஷ்ஷைக் கேட்டிருக்கிறாய். நிறம், வாசனை, பொடி, பிடிப்பு எல்லாம் கேட்டிருக்கிறாய். இரண்டு தடவை நான் எழுதியும், புகை என்ற சொல்லை நீ எழுதவே இல்லை. தெரியாதவன் என்றால் ஏன் புகை வருகிறது என்று முதலில் அதைத்தான் கேட்பான். செல்வமணிகூடக் கேட்டான்.

சனிக்கிழமை ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். செல்வமணியிடம், "எஞ்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஏதாவது குழாய் போகிறதா?" என்று கேட்டேன். அவன் கீழே படுத்துப் பார்த்தான். "எண்ணெய்க் குழாய் ஒண்ணும் இல்ல டீச்சரே. சின்னதா ஒரு ரப்பர் டியூப் போகுது. எஞ்ஜின் காத்து இழுக்க இடத்துலேந்து கியர்பாக்ஸ் சைடுல ஒரு தகர டப்பாவுக்கு. காத்து மட்டும்தான்" என்றான்.

"காற்றுக் குழாய் என்றால் உள்ளே காய்ந்துதானே இருக்க வேண்டும்? கழற்றுங்கள்" என்றேன்.

கழற்றினான். குழாயின் வாயிலிருந்து சிவப்பு எண்ணெய் அவன் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடியது. "அய்யோ, இதாக்கும் காரியம். எஞ்ஜின் உறிஞ்சிக் குடிச்சிட்டு இருந்திருக்கு" என்றான். டப்பாவுக்குள் இருக்கிற ரப்பர் சவ்வு கிழிந்திருக்கிறது. கிழிசல் வழியாக எண்ணெய் எஞ்ஜினுக்குப் போய் எரிந்து வெள்ளைப் புகையாகிறது. எஞ்ஜின் எவ்வளவு இழுக்கிறது என்று டப்பா கியர்பாக்ஸுக்குச் சரியாகச் சொல்லாததால் கியர் தாமதமாக இடித்து விழுகிறது. எண்ணெய் குறைந்ததும் ஏற்றத்தில் வழுக்குகிறது. நான் எழுதிய எல்லாவற்றுக்கும் இந்த ஒரு கிழிசல் போதும். தகடும் தேயவில்லை, ஒன்றும் தேயவில்லை. நாங்கள் இரண்டு பேரும் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்ததை, இருபது வருஷமாக இதே வேலை செய்கிறவன் என் முதல் கடிதத்தைப் பாதி படிக்கும்போதே கண்டுபிடித்திருப்பான்.

குழாயை அடைத்துவிட்டோம். புகை ரொம்பக் குறைந்துவிட்டது. கியர் இடிப்பது இன்னும் மோசம். டப்பா இந்த ஊரில் இல்லை. செல்வமணி கொச்சியிலும் கேட்டுவிட்டான். அனுப்பு என்று உன்னிடம் கேட்கமாட்டேன். அகம்பாவம் என்றுதான் வைத்துக்கொள்.

என்னை ஏமாற்றினாய் என்பதைவிட, என்னை வண்டிக்காரியாக நடத்தினாய் என்று நான் நம்பிச் சந்தோஷப்பட்டேனே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதற்காக இரண்டு நாள் அழுதேன். இதை உனக்குத் தெரியப்படுத்துவதில் எனக்கு வெட்கம் இல்லை.

அனந்தலக்ஷ்மி


சிங்கப்பூர்
7 ஆகஸ்ட் 1998

அக்கா,

இதோடு ஒரு பார்சல் வருகிறது. இரண்டு டப்பா. இங்கே அதை வேக்குவம் மாடுலேட்டர் என்பார்கள். ஒன்று மாட்டுவதற்கு, ஒன்று கைவசம் வைத்துக்கொள்ள. புது ரப்பர் குழாயும் வைத்திருக்கிறேன், பழையது எண்ணெயில் ஊறி இளகியிருக்கும், போடாதே.

செல்வமணியிடம் சொல்ல வேண்டியது: பழைய டப்பாவைத் திருகிக் கழற்றும்போது உள்ளேயிருந்து ஒரு சின்னக் கம்பி நழுவும். அடியில் தட்டு வைத்துக்கொள்ளட்டும். அந்தக் கம்பியைத் துடைத்து அதையேதான் திரும்பப் போட வேண்டும், வேறு கம்பி வெட்டிப் போடக் கூடாது. அது ஒவ்வொரு கியர்பாக்ஸுக்கும் ஒரு நீளம். மாட்டிய பிறகு எண்ணெயைச் சரியான முறையில் பார்த்து ஊற்று. சைலன்ஸரில் தங்கின எண்ணெய் எரிகிறவரை ஒன்றிரண்டு நாள் புகை வரும். பயப்படாதே.

தெரியும். முதல் கடிதத்திலேயே தெரியும். அந்தக் குழந்தை பீடி குடிக்கிறது என்று சொன்ன வரியிலேயே தெரிந்துவிட்டது.

போன ஐப்பசியில் உன்னோடு பள்ளிக்கூடம் வரை வந்தேனே. வளைவில் பஸ் எதிரே வந்தது. நீ ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, உன் இடது காலைப் பிடித்துத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாய். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பஸ் போன பிறகுதான் திறந்தேன். அன்று ராத்திரி பந்தியில் உன்னைத் திட்டினது அந்தப் பயத்தில். இங்கே வந்த பிறகும் தினமும் ஒரு வண்டியையாவது சோதித்துப் பார்க்க ஓட்டுகிறேன். அந்தக் கை என் கண்முன் வருகிறது. வண்டி தானாகச் செத்துப்போனால் நான் எதுவும் சொல்லாமலேயே நீ இறங்கிவிடுவாய் என்று நினைத்தேன்.

பெரியக்காவுக்கு நேற்று போன் செய்து, வண்டிக்கு ஒன்றும் இல்லை, நான்தான் பொய் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திட்டினதை எழுத முடியாது.

டிசம்பரில் லீவு கிடைத்திருக்கிறது. உனக்கு இஷ்டமில்லையென்றால் ஹோட்டலில் தங்கிக்கொள்கிறேன். ஏர்போர்ட்டிலிருந்து டாக்ஸி எடுத்துக்கொள்வேன்.

நாகு


கரமனை
23 ஆகஸ்ட் 1998

நாகுவுக்கு,

பார்சல் பதினேழாம் தேதி கிடைத்தது. அடுத்த நாளே செல்வமணி மாட்டினான். கம்பி நழுவியது, தட்டு வைத்திருந்தோம். கழற்றிய டப்பாவை அறுத்துப் பார்த்தோம். கிழிசல் என் சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை. செல்வமணி அதை ஆணியடித்து ஒர்க்‌ஷாப் சுவரில் தொங்கவிட்டிருக்கிறான். இனிமேல் ஆட்டோமேட்டிக் வண்டி எது வந்தாலும் திருப்பி அனுப்பமாட்டானாம்.

இரண்டு நாள் புகை வந்தது, நீ எழுதினபடி. வெள்ளிக்கிழமை நானே ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். நெடுமங்காடு வரை கியர் எப்போது மாறியது என்றே தெரியவில்லை. கல்லாறு தாண்டியதும் ஏற்றம் ஆரம்பித்தது. இரண்டாவது வளைவில், போன தடவை நின்ற அதே இடத்தில், தானாக ஒரு கியர் இறங்கி ஏறிப் போய்விட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொன்செல்வி கேட் அருகே நின்று சைலன்ஸரையே பார்த்துவிட்டு, "பீடிய விட்டுட்டு டீச்சர்" என்று உள்ளே ஓடிப்போய் எல்லாருக்கும் சொன்னாள். ஹெட்மாஸ்டர் கொடுத்து வைத்திருந்த வி.ஆர்.எஸ். பாரத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். ஓணப் பரீட்சைக்குக் கேள்வித்தாள் எழுத உட்கார வேண்டும்.

நீ பயந்த விஷயத்துக்கு வருகிறேன். அந்த வளைவில் நான் காலைத் தூக்கி வைத்தேனே, அது பஸ்ஸைப் பார்த்துப் பதறினதால் இல்லை. ஒரே இடத்தில் வைத்தால் கம்பி அழுத்தி அந்தக் கால் மரத்துப்போகும். பஸ்ஸைப் பார்த்து நான் முன்பே ஒதுங்கி நின்றாகிவிட்டது. வண்டி நின்றுகொண்டிருந்தது நாகு. பிரேக்கில் வலது கால் இருந்தது. நிற்கிற நேரத்தைப் பார்த்துக் காலை மாற்றி வைத்தேன். நீயும்தான் மணிக்கொரு தடவை காலை மாற்றி வைத்துக்கொள்கிறாய். நீ அதற்குக் கையை உபயோகிப்பதில்லை, அவ்வளவுதான். கண்ணை மூடாமல் இருந்திருந்தால் வண்டி நின்றிருந்ததைப் பார்த்திருப்பாய். அல்லது அன்றைக்கே என்னைக் கேட்டிருக்கலாம். பத்து மாசமாக நாம் பேசாமல் இருந்தது ஒரு நின்ற வண்டிக்காக.

உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அதுவும் நீ எழுதின மாதிரி ஒரு கடிதமாகிவிடும். ஆனாலும் சுப்பு அக்காவிடம் நீயே சொன்னது எனக்குப் பிடித்தது. அவள் எனக்கும் போன் செய்து, வெள்ளை அடித்த ரூமை என்ன செய்வது என்று அழுதாள். லீவுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இரண்டாவது டப்பா அலமாரியில், அப்பா வேஷ்டியில் சுற்றி வைத்திருக்கிறேன். கியர்பாக்ஸ் அடியில் புதிதாக ஒரு சத்தம் வருகிறது. முப்பது கிலோமீட்டர் வேகத்தில், வலது பக்கம் திரும்பும்போது மட்டும், 'ணங்' என்று ஒரு தடவை. என்னவாக இருக்கும் என்று எழுது.

டாக்ஸி எடுக்காதே. ஹோட்டலும் வேண்டாம். ஏர்போர்ட்டுக்கு நான் வருகிறேன். மறுநாள் பள்ளிக்கூடம் வரை என்னோடு வர வேண்டும். வளைவில் உனக்குப் பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல், ஓரமாக நிறுத்துகிறேன். கண்ணை மட்டும் மூடாதே.

அனந்தலக்ஷ்மி